ஆளில்லாத தீவில் யாரிடமிருந்து எதைப் பறித்தார்கள்? மொரிசியஸ், ரெயூனியன் பற்றிய விவாத இழை

கடலோடி

"மொரிசியஸில் பூர்வகுடிகள் யாருமே இல்லை. ஐரோப்பியர்கள் போனபோது வெறும் காடுதான் இருந்தது. யாரிடமிருந்தும் எதையும் பறிக்காதபோது அதை எப்படிக் காலனியாதிக்கம் என்பீர்கள்?" என்று பக்கத்து இழையில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் இந்தத் தனி இழை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1598-இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கித் தங்கள் இளவரசர் மொரிஸின் பெயரைத் தீவுக்கு வைத்தார்கள். 1638-இல் குடியேறினார்கள். கருங்காலியை வெட்டிக் கப்பலேற்றினார்கள். ஜாவாவிலிருந்து கரும்பும் மானும் வந்தன, மடகாஸ்கரிலிருந்து விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள் வந்தார்கள். டோடோ பறவை அழிந்தது இந்தக் காலத்தில்தான். கட்டுப்படியாகவில்லை என்று 1710-இல் தீவையே கைவிட்டுப் போனார்கள். 1715-இல் பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. 1810-இல் பிரிட்டன் பிடித்தது.

ஆளில்லாத தீவு என்பதால் அங்கே கொடுமை குறைவாக இருந்திருக்கும் என்று நினைப்பது தவறு. இந்தியாவில் வெள்ளையர்கள் ஏற்கெனவே இருந்த ஒரு சமூகத்தின் மேல் வந்து உட்கார்ந்தார்கள். ஊர் இருந்தது, உறவு இருந்தது, பஞ்சாயத்து இருந்தது, தப்பி ஓடினால் அடைக்கலம் தர யாராவது இருந்தார்கள். மொரிசியஸில் நிலம் முழுவதும் முதல் நாளிலேயே கிழக்கிந்தியக் கம்பெனிச் சொத்து (முதலில் டச்சு, பிறகு பிரெஞ்சு). கம்பெனி யாருக்கு எழுதிக் கொடுத்ததோ அவரே முதலாளி. மற்ற எல்லோரும் அவருடைய தோட்டத்துக்குத் தேவைப்பட்ட அளவுக்கு வரவழைக்கப்பட்டவர்கள்.

1723-இல் இந்தத் தீவுகளுக்கென்று வந்த பிரெஞ்சு அடிமைச் சட்டத்தைப் பாருங்கள். அடிமை என்பவர் அசையும் சொத்து. ஒரு மாதம் தலைமறைவானால் காதை அறுத்துத் தோளில் சூடு போட வேண்டும். இரண்டாம் முறை ஓடினால் முழங்காலின் பின்பக்க நரம்பை வெட்ட வேண்டும். மூன்றாம் முறை மரண தண்டனை. ஒரு சமூகத்தின் முதல் சட்டமே இப்படி இருந்தால், அந்தச் சமூகம் என்னவாக வளரும்? இதைத்தான் பேச நினைக்கிறேன்.

இளம்பரிதி

கடலோடி, கொடுமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். 1735-இல் கவர்னராக வந்த லா பூர்தொனே தலைநகர் போர்ட் லூயியில் துறைமுகம், மருத்துவமனை, தண்ணீர்க் கால்வாய் எல்லாம் கட்டினார். அதற்குப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் சம்பளத்துக்கு அழைத்துப் போனார். அவர்கள் அடிமைகள் அல்லர். நகரத்தில் அவர்களுக்கென்று தனிக் குடியிருப்பே இருந்தது. பிற்பாடு அந்தத் தமிழர்களில் வசதி வந்தவர்கள் தாங்களே அடிமைகளை வாங்கி வைத்திருந்தார்கள். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

அந்த லா பூர்தொனேதான் 1746-இல் அந்தத் தீவிலிருந்து கப்பல் படையோடு வந்து சென்னையைப் பிடித்தவர். நம் வரலாறும் அந்தத் தீவின் வரலாறும் அவ்வளவு நெருக்கம்.

கடலோடி

சேர்த்தே சொல்வோம், இளம்பரிதி. சுதந்திரத் தமிழர்களிடம் அடிமைகள் இருந்தது உண்மை. ஆனால் அதே புதுச்சேரிக் கரையிலிருந்து அடிமைகளாகவும் தமிழர்கள் போனார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1743-இல் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்: ஆட்களை ஏமாற்றிக் கடத்தி வந்து, மொட்டையடித்து, அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டில் அடைத்து வைத்துக் கப்பலேற்றினார்கள். கடத்தியவர்களில் நம் ஆட்களும் உண்டு. ஒரே கப்பலில் மேல்தட்டில் சம்பளக் கொத்தனாரும் கீழ்த்தட்டில் கடத்தப்பட்டவரும் போயிருக்க முடியும்.

இன்னொன்று. 1794-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமைமுறையை ஒழித்தது. அந்த ஆணையோடு 1796-இல் இரண்டு அதிகாரிகள் தீவுக்கு வந்தார்கள். தோட்ட முதலாளிகள் சில நாட்களிலேயே அவர்களைக் கப்பலேற்றித் துரத்திவிட்டார்கள். பாரிஸின் சட்டமே அங்கே செல்லவில்லை. பிறகு 1802-இல் நெப்போலியன் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தார். 1810-இல் பிரிட்டன் வென்றபோதும், முதலாளிகளின் சட்டம், மதம், வழக்கம் எதிலும் கைவைக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்தது. கொடி மாறியது, முதலாளி மாறவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் பிரிட்டன் ஆண்ட தீவில் இன்றைக்கும் செய்தித்தாள் பிரெஞ்சில் வருவதற்குக் காரணம் இதுதான்.

புதுவை நிலா

வணக்கம். எங்கள் உறவினரில் ஒரு கிளை ரெயூனியனில் இருப்பதால் அந்தத் தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அதுவும் ஆளில்லாத தீவுதான், மொரிசியஸுக்குப் பக்கத்துத் தீவு. பிரிட்டன் அதைப் பிரான்ஸுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. அதனால் அங்கே அடிமைமுறை 1848 டிசம்பர் 20 வரை நீடித்தது.

ரெயூனியன் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எட்மண்ட் என்ற பையன். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட வனிலா கொடியைக் கொண்டுவந்து நட்டார்கள். கொடி படர்ந்தது, பூத்தது, காய்க்கவே இல்லை. அங்குள்ள தேனீ இங்கே கிடையாதே! படித்த தாவரவியலாளர்கள் எல்லாம் முயன்று பார்த்தும் தோட்ட அளவுக்குச் சரிப்பட்டு வரவில்லை. 1841-இல் சேன்ட் சூசானில் 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு வழி கண்டுபிடித்தான். பூவின் உள்ளே ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய மடல் இருக்கும். மூங்கில் ஈர்க்கால் அந்த மடலைத் தூக்கிவிட்டு, கட்டைவிரலால் இரண்டையும் ஒரு அழுத்து அழுத்தினான். காய் பிடித்தது. பூ ஒரே ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும், அதற்குள் செய்ய வேண்டும். இன்றைக்கும் உலகத்தில் வனிலா விளையும் தோட்டங்களில் பூவுக்குப் பூ இப்படித்தான் கையால் செய்கிறார்கள்.

விடுதலை வந்தபோதுதான் எட்மண்டுக்கு ஆல்பியஸ் என்று ஒரு குடும்பப்பெயரே கிடைத்தது. வனிலாவில் தீவே பணம் பார்த்தது. அவருக்கு ஒரு காசு பங்கு இல்லை. இடையில் சிறைக்கும் போய்வந்து, 1880-இல் வறுமையில் செத்தார்.

விடுதலைக்குப் பிறகு புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் தமிழர்கள். அங்கே நடத்தப்பட்ட விதம் பிடிக்காமல் 1882-இல் பிரிட்டிஷ் இந்திய அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. இன்றைக்கு அவர்கள் வம்சத்தாரை அங்கே மல்பார் என்கிறார்கள். பிள்ளைக்குக் கிறிஸ்தவப் பெயர் ஒன்று, வீட்டில் தமிழ்ப் பெயர் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், ஆண்டுக்கொரு முறை மாரியம்மனுக்கோ திரௌபதிக்கோ விரதமிருந்து தீமிதி. தமிழ் பேச்சில் இல்லை, மந்திரத்திலும் பாட்டிலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இளம்பரிதி

நிலா அக்கா, ஆனால் ரெயூனியன் 1946-லிருந்து பிரான்ஸின் ஒரு மாகாணமே ஆயிற்றே. அங்கே தேர்தல், ஓய்வூதியம், பள்ளி எல்லாம் பாரிஸில் உள்ளதுபோலவே. நம்மைவிட நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

புதுவை நிலா

ஓய்வூதியம் நல்லது, தம்பி. மறுக்கவில்லை. ஆனால் மாகாணம் ஆன பிறகு நடந்ததையும் கேளுங்கள். 1960களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரெயூனியன் பிள்ளைகளை அரசே பிரான்ஸுக்கு அனுப்பியது. அங்கே கிராமங்களில் ஆட்கள் குறைந்துபோனார்கள், இங்கே ஏழைப் பிள்ளைகள் அதிகம் என்பது அரசின் கணக்கு. படிக்க வைப்போம், விடுமுறைக்கு ஊருக்கு அனுப்புவோம் என்று தாய்தகப்பனிடம் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் காகிதத்தில் பெருவிரல் ரேகை வைத்தார்கள். பல பிள்ளைகள் க்ரூஸ் பகுதிப் பண்ணைகளில் கூலியில்லாத வேலைக்காரர்களாக வளர்ந்தார்கள். 2014-இல்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் இதில் அரசுக்குத் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று தீர்மானம் போட்டது. எஸ்டேட்டுக்கு ஆள் வரவழைத்த அதே புத்தி, இந்த முறை எதிர்த்திசையில்.

பதுளையான்

இழையைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். இலங்கையின் மலையகத்தில் இருந்து எழுதுகிறேன். ஒரு ஒப்பீடு சொல்லட்டுமா?

இலங்கை ஆளில்லாத தீவில்லை. ஆனால் வெள்ளைக்காரன் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் பிடித்த மலைநாட்டில் எங்கட ஆட்களுக்கு அது ஆளில்லாத தீவு மாதிரித்தான். லயம் (வரிசை வீடு), துரை, கங்காணி (ஆள் பிடிக்கும் மேஸ்திரி). கிராமத்தோடு தொடர்பு இல்லை. கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி, அந்தத் துண்டோடுதான் தோட்டத்தை விட்டுத் தோட்டம் மாற முடியும். 1921-இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள்.

நான் சொல்ல வந்தது 1948 பற்றி. அந்த வருசம் இலங்கையில் பிரசாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர் ஏறத்தாழ எல்லாரும் நாடற்றவர் ஆனார்கள், அடுத்து வாக்குரிமையும் போயிற்று. அதே 1948-இல் மொரிசியஸில் நடந்தது நேர் எதிர். புதிய அரசியலமைப்பில், தீவில் புழங்கும் ஏதாவது ஒரு மொழியில் ஒரு சின்ன வாக்கியம் வாசித்து எழுதத் தெரிந்தால் வாக்கு உண்டு என்று வந்தது. இந்திய வம்சாவளித் தலைவர் பஸ்தியோ பிசுன்தயாலின் இயக்கத்தார் கிராமம் கிராமமாகப் போய்க் கூலிச் சனங்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். அந்த ஆகஸ்ட் தேர்தலில் முதல் முறையாகக் கூலிகளின் பிள்ளைகள் பெரும்பான்மையாக வென்றார்கள். இரண்டு தீவுக்கும் சென்னை மாகாணத்திலிருந்து ஆட்கள் போனார்கள். ஒரு தீவில் கூலிகளின் பிள்ளைகள் பிரதமர் வரை போனார்கள், மற்றதில் 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கட சனத்திடம் யாரும் கேட்கவில்லை.

கடலோடி

பதுளையான் அண்ணா, 1948 இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் யோசித்ததே இல்லை. நன்றி. இதற்கு முந்தைய தலைமுறையில் இந்தத் தீவுகளையெல்லாம் இணைக்கிற ஒரு ஆள் இருக்கிறார், ஆர்தர் கார்டன் என்ற பிரிட்டிஷ் கவர்னர். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1835-இல் மொரிசியஸில் சுமார் 66,000 அடிமைகள் விடுதலை ஆனார்கள். நஷ்டஈடாகப் பிரிட்டன் சுமார் 21 லட்சம் பவுன் கொடுத்தது, முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒன்றுமில்லை, கூடவே 1839 வரை பழைய முதலாளிக்கே 'பயிற்சியாளர்' என்ற பெயரில் உழைக்க வேண்டும். அது முடிந்ததும் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! 1834 நவம்பர் 2-ஆம் தேதியே 'அட்லஸ்' கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேரைக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்திருந்தார்கள். அங்கே தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போர்ட் லூயியில் இறங்கினார்கள். அவர்கள் ஏறிய 16 கல்படிகள் இன்னும் இருக்கின்றன, அந்த இடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

மாதக் கூலி 5 ரூபாய். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பு. 1867-இல் இன்னொரு சட்டம் போட்டார்கள்: ஒப்பந்தம் முடிந்தவர்களும் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். தொலைந்தால் மறு சீட்டுக்கு ஒரு பவுன். அது ஏறத்தாழ இரண்டு மாதக் கூலி. சீட்டு இல்லாமல் தெருவில் நடந்தால் ஊர்சுற்றி என்று பிடித்து உள்ளே போடுவார்கள். இதை எதிர்த்து 1871-இல் அடால்ஃப் தெ ப்லெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகி 9,401 கூலிகளின் ஒப்பத்தோடு மனு எழுதினார். தமிழ் ஆசிரியர் ராஜரத்தின முதலியார் அவருக்குத் துணை நின்றார். முதலாளிகள் ப்லெவிட்ஸைப் போர்ட் லூயித் தெருவில் வைத்து அடித்தார்கள், நாடு கடத்தச் சொல்லி எதிர்மனு போட்டார்கள்.

அப்போது மொரிசியஸ் கவர்னர் நான் சொன்ன ஆர்தர் கார்டன். அவர் மனுவின் பக்கம் நின்றார், விசாரணைக் குழு வந்தது. இவர் முன்னால் டிரினிடாட்டில் கவர்னர். மொரிசியஸுக்குப் பிறகு 1875-இல் பீஜியின் கவர்னர். தோட்டங்கள் ஒரு மக்களை என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர் என்பதால் பீஜி மக்களின் நிலத்தை விற்கக்கூடாது, அவர்களைக் கரும்புக்கு இழுக்கக்கூடாது என்று கறாராக நின்றார். ஆனால் கரும்பு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வேலைக்கு இந்தியர்களைக் கொண்டுவந்தார். 1879-இல் முதல் கப்பல். மொத்தம் 60,000-க்கும் மேல், 1903-லிருந்து சென்னையிலிருந்தும் ஆள் போனார்கள். பீஜியில் நிலத்தில் எண்பது சதவீதத்துக்கும் மேல் இன்றும் பூர்வகுடிகளின் கையில். இந்தியர்கள் நான்கு தலைமுறையாகக் குத்தகைக்காரர்கள். 1987 ராணுவப் புரட்சிக்கும், 1997-லிருந்து குத்தகை முடிந்து வெளியேறிய குடும்பங்களுக்கும் வேர் அங்கே இருக்கிறது. ஒரு மக்களைக் காப்பாற்றச் செய்த ஏற்பாட்டின் விலையை வேறொரு மக்கள் கட்டினார்கள்.

பிறகு 1883-இல் அவர் எங்கே போனார் தெரியுமா? இலங்கைக்கு, கவர்னராக.

எனக்குப் படுவது இதுதான்: தோல் நிறம், மதம், பண்பாடு என்று நாம் பேசுகிற வேறுபாடுகளைவிட, கூலி முறை முடிந்த மறுநாள் நிலம் யாருக்குப் போனது என்பதுதான் இந்தச் சமூகங்களின் தலையெழுத்தைத் தீர்மானித்திருக்கிறது. மொரிசியஸில் சர்க்கரை விலை சரிந்தபோது முதலாளிகள் தோட்டத்தின் ஓரத்து நிலங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். கையில் காசு சேர்த்திருந்த சர்தார்களும் (அங்கத்திய கங்காணிகள்) பழைய கூலிகளும் வாங்கினார்கள். அந்தத் துண்டு நிலத்திலிருந்துதான் வக்கீலும் டாக்டரும் அமைச்சரும் வந்தார்கள்.

தேன்மொழி

கடலோடி, நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதே அளவுகோலால் இன்னொருவரையும் அளக்க வேண்டும். அந்த 66,000 பேர் என்ன ஆனார்கள்? அவர்களும் 1839-க்குப் பிறகு சிறு துண்டு நிலங்கள் வாங்கினார்கள். பத்திரம் சரியில்லை, கடன், ஏமாற்று என்று பெரும்பகுதி கையை விட்டுப் போயிற்று. கடற்கரையிலும் மலையடிவாரத்திலும் ஒதுங்கினார்கள். நாம் தமிழர்கள் மொரிசியஸ் என்றதும் காவடியையும் கோயிலையும் ரூபாய் நோட்டில் தமிழ் இருப்பதையும் பேசுகிறோம். அந்த அடிமைகளின் வம்சத்தாரான கிரியோல்கள் நம் பேச்சில் வருவதே இல்லை.

மொரிசியஸ் அரசியலமைப்பு மக்களை இந்து, முஸ்லிம், சீனர் என்று மூன்றாகப் பிரித்துவிட்டு, மிச்சம் எல்லோரையும் 'பொது மக்கள்' என்று நான்காவது கட்டத்தில் போடுகிறது. அடிமைகளின் வம்சமும் அவர்களை வைத்திருந்த முதலாளிகளின் வம்சமும் ஒரே கட்டத்தில்! 1999 பிப்ரவரியில் காயா என்ற கிரியோல் பாடகர் போலீஸ் காவலில் இறந்தார். தீவே பல நாள் பற்றி எரிந்தது. அந்தக் கோபம் ஒரு பாடகருக்காக மட்டும் வந்ததில்லை.

இளம்பரிதி

தேன்மொழி சொல்வது சரி. ரூபாய் நோட்டு விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் புது நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சிட்டார்கள் என்று தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள், அரசு நோட்டைத் திரும்பப் பெற்றது. தமிழர் முதலில் வந்தவர்கள் என்பது நம் வாதம், அது நியாயமான வாதம்தான். ஆனால் அந்தத் தீவில் எல்லோரும் பேசும் கிரியோல் மொழிக்கு நோட்டில் இடமே இல்லை என்று அப்போது யாரும் தெருவில் இறங்கவில்லை.

இருந்தாலும், நிலாவும் கடலோடியும் சொன்ன பிறகும், இந்த இழையின் முதல் கேள்வியை நான் கைவிடவில்லை. 'பறித்தல்' என்ற சொல் இங்கே எப்படிப் பொருந்தும்? நிலம் யாருடையதாகவும் இல்லையே.

தேன்மொழி

சாகோஸ் தீவுகளைப் பாருங்கள், இளம்பரிதி. அதுவும் ஆளில்லாத தீவுக்கூட்டம். பிரெஞ்சுக்காரர்கள் அடிமைகளைக் கொண்டுபோய்த் தென்னந்தோப்பு போட்டார்கள். அந்த அடிமைகளின் பிள்ளைகளும் பிற்பாடு போன இந்தியக் கூலிகளும் கலந்து ஒரு மக்களானார்கள். தேங்காய் உடைத்துக் கொப்பரை காயவைத்து, மீன் பிடித்து, தங்கள் மூதாதையரைத் தங்கள் மண்ணில் புதைத்து வாழ்ந்தார்கள். 1965-இல் பிரிட்டன் அந்தத் தீவுகளை மொரிசியஸிலிருந்து பிரித்து எடுத்தது. மொரிசியஸுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுன். டியெகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வர வேண்டும், அதற்கு ஆளில்லாத தீவு வேண்டும். என்ன செய்தார்கள்? அங்கே நிரந்தரக் குடிகள் யாருமில்லை, இருப்பவர்கள் ஒப்பந்தக் கூலிகள் மட்டுமே என்று காகிதத்தில் எழுதினார்கள். 1968 முதல் 1973 வரை எல்லோரையும் வெளியேற்றினார்கள். வீட்டு நாய்களைப் பிடித்துக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்து, வாகனப் புகையை விட்டுக் கொன்றார்கள். மக்களில் பெரும்பாலோரைப் போர்ட் லூயி துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணிலேயே நீங்கள் கூலிதான், குடியில்லை என்று சொல்ல முடிந்ததே, அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? நிலம் முதல் நாளிலிருந்து தோட்டத்துடையது, ஆட்கள் தோட்டத்துக்கு வந்தவர்கள் என்ற அந்தப் பழைய ஏற்பாட்டிலிருந்துதான். பறித்தல் இங்கே நிலத்தை எடுப்பதில் மட்டும் இல்லை. பிறந்த மண்ணை என்னுடையது என்று சொல்லும் உரிமையையும் பறித்தார்கள்.

2019-இல் சர்வதேச நீதிமன்றம் அந்தப் பிரிப்பு சட்டப்படி செல்லாது என்று கருத்துரைத்தது. 2025 மே மாதம் தீவுகளை மொரிசியஸுக்குத் திருப்பித் தரும் ஒப்பந்தத்தில் பிரிட்டனும் மொரிசியஸும் கையெழுத்திட்டன, ஆனால் அதன்படி டியெகோ கார்சியா தளம் மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டனிடமே இருக்கும். அந்தப் பேச்சுவார்த்தையில் எங்களை உட்கார வைக்கவில்லை என்பது சாகோஸ் மக்களில் பலரின் குமுறல்.

இளம்பரிதி

இப்படி நான் பார்த்திருக்கவில்லை, தேன்மொழி. சாகோஸ் பற்றிச் செய்தியில் படித்திருக்கிறேன், ஆனால் 1723 சட்டத்தோடு சேர்த்து யோசித்ததில்லை.

செங்கை மாறன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் விவாதத்துக்கு வரவில்லை, ஒரு உதவி வேண்டும். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் "மோரீசு"க்குப் போய்த் திரும்பவில்லை என்று ஆயா சொல்லும். ஊர் செங்கல்பட்டுப் பக்கம். இதற்கு மேல் எதுவும் தெரியாது. தேட வழி உண்டா?

கடலோடி

உண்டு, மாறன். மொரிசியஸில் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. கூலிகள் இறங்கியபோது எழுதிய பதிவேடுகள் அங்கேதான் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், உடம்பில் உள்ள தழும்பு, ஊர், வந்த கப்பல் என்று எழுதியிருப்பார்கள். 1860களுக்குப் பிறகு போனவராக இருந்தால் புகைப்படம் கிடைக்கவும் வாய்ப்புண்டு.

பெயரை வைத்து மட்டும் தேடினால் கிடைப்பது கஷ்டம். எழுதியவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள், ஒரே ஊரை நாலுவிதமாக எழுதியிருப்பார்கள். அதனால் முதலில் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு அவர் தகப்பன் பெயர், குலதெய்வம் இருக்கும் ஊர், தோராயமாக எந்த ஆண்டுகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பஞ்சக் காலமா, அதற்கு முன்னா என்று ஆயாவுக்கு ஞாபகம் இருந்தால்கூடப் பெரிய உதவி. சென்னைத் துறைமுகம் வழியாக ஆள் அனுப்பியது பற்றிய அரசுக் கடிதங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அவற்றில் தனியாள் பெயர் கிடைப்பது அரிது.

புதுவை நிலா

மாறன், ஒரு சின்னச் சேர்க்கை. அந்தக் காலத்தில் ரெயூனியனையும் சிலர் மோரீசு என்றே சொல்லியிருக்கக் கூடும். புதுச்சேரியில் கப்பலேறினார் என்று வீட்டில் பேச்சு இருந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள். ரெயூனியனில் இப்படித் தேடித் தருகிற வம்சாவளி ஆர்வலர்கள் இருக்கிறார்கள், உறவினர் மூலம் கேட்டுச் சொல்கிறேன்.